எம்.எல்.ஏ. என்ன செய்தார் என்று தெரிந்துகொள்வது எப்படி, அவரிடம் வேலை வாங்குவது எப்படி

நம்ம தொகுதி எம்.எல்.ஏ. என்ன செய்தார் என்று நாலு பேரிடம் கேட்டால் இரண்டு பேர் ஒன்றுமே செய்யவில்லை என்பார்கள், இரண்டு பேர் எல்லாமே அவர்தான் என்பார்கள். யார் கையிலும் காகிதம் இருக்காது. ஆனால் காகிதம் இருக்கிறது, அரசு அலுவலகத்திலேயே இருக்கிறது, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் ஓட்டுப் போடும் யாரும் செய்யக்கூடிய வேலை இது, கட்சிக்காரராக இருக்கத் தேவையில்லை.

முதலில் எது யார் வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் அது வார்டு கவுன்சிலர் அல்லது ஊராட்சித் தலைவர். ரயில் நிறுத்தம் வேண்டுமென்றால் எம்.பி. இங்கே 39 எம்.பி. தொகுதிகள், 234 எம்.எல்.ஏ. தொகுதிகள், ஒரு எம்.பி.க்குக் கீழே ஆறு எம்.எல்.ஏ. என்ற கணக்கு. அரசுப் பள்ளிக்கு வகுப்பறை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர், அரசுப் பேருந்து வழித்தடம், தாலுகா அலுவலகம், இதெல்லாம் மாநில அரசு, அதாவது எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டியவை. இதைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டால் அவரும் எல்லாவற்றையும் தட்டிக்கழித்துவிடலாம்.

அடுத்து பணம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது, 2019-20-இல் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 2.5 கோடியிலிருந்து 3 கோடி ரூபாயாக உயர்த்தினார்கள். பேருந்து நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம், அங்கன்வாடி, சிமெண்ட் சாலை, ஆழ்துளைக் கிணறு எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. பலர் நினைப்பது போல இந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதில்லை. அவர் இந்த வேலையை எடுங்கள் என்று பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி கொடுப்பார், கிராமம் என்றால் ஊராட்சி ஒன்றியம், நகரம் என்றால் நகராட்சியோ மாநகராட்சியோ டெண்டர் விட்டுச் செய்யும். அதனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் காகிதம் உண்டு. கோயில், மசூதி, தேவாலயம் கட்டவோ தனியார் இடத்தில் வேலை செய்யவோ இந்த நிதி கிடையாது, அதற்கு மனு கொடுத்து அலைய வேண்டாம்.

வேலை முடிந்த இடத்தில் திட்டத்தின் பெயர், நிதியாண்டு, மதிப்பீட்டுத் தொகை எழுதியிருப்பார்கள், நிழற்குடையின் நெற்றியிலோ கட்டடச் சுவரிலோ பார்க்கலாம். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலோடு ஒப்பிட உதவும்.

பட்டியல் எங்கே கிடைக்கும்? ஊரக வளர்ச்சித் துறைதான் இந்த நிதியைக் கவனிக்கிறது, ஆகவே மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்.டி.ஐ. மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், ஆன்லைனிலும் போடலாம். இப்படி எழுதுங்கள்: “இந்த நிதியாண்டில் இந்தச் சட்டமன்றத் தொகுதிக்கு, தொகுதி மேம்பாட்டு நிதியில் பரிந்துரைக்கப்பட்ட பணிகளின் பட்டியல், ஒவ்வொரு பணியின் நிர்வாக அனுமதி ஆணை நகல், மதிப்பீட்டுத் தொகை, இதுவரை செலவான தொகை, பணியின் தற்போதைய நிலை ஆகியவற்றை வழங்கவும்.” ஏன் எங்கள் ஊருக்குச் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அந்த அலுவலருக்கு இல்லை, இருக்கிற ஆவணத்தின் நகலைத் தரும் கடமைதான் இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

சட்டமன்றத்தில் அவர் என்ன பேசினார் என்பது இன்னும் சுலபம், பேரவையின் இணையதளத்தில் நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. கேள்வி நேரத்தில் என்ன கேட்டார், எந்தத் துறையின் மானியக் கோரிக்கையில் (அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதத்தில்) பேசினார், அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரிடம் பதில் கேட்கும் கவன ஈர்ப்பு கொண்டுவந்தாரா என்று தேடுங்கள். இதில் என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது அமைச்சர் சொல்லும் பதில்தான். “ஆவன செய்யப்படும்” என்றாரா, “இந்த ஆண்டே கட்டித் தரப்படும்” என்றாரா? இரண்டாவது மாதிரி அவையில் கொடுத்த வாக்கைப் பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவையில் ஒரு குழு இருக்கிறது, மாவட்டங்களுக்கு நேரில் வந்து ஆய்வும் செய்யும். உங்கள் ஊருக்குக் கிடைத்த உறுதிமொழி எதுவென்று தேதியோடு தெரிந்தால் எம்.எல்.ஏ.விடம் பேசும்போது வெறும் கோரிக்கையாக இல்லாமல் கணக்குக் கேட்பதாக மாறிவிடும்.

சரி, அவரை எங்கே சந்திப்பது? பூமி பூஜை, பள்ளியில் சைக்கிள் கொடுக்கும் விழா, நலத்திட்ட உதவி விழா போன்றவற்றில் மனுவை நீட்டலாம்தான், ஆனால் அந்தக் கூட்டத்தில் சால்வையோடு சால்வையாக மனுவும் உதவியாளர் கைக்குப் போய்விடும், பதிவு ஆகாது. அவருடைய தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுப்பது நல்லது. அவர் எந்த நாளில் அங்கே உட்காருவார் என்று உதவியாளரிடம் முன்னாலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

பதிவாகும் கூட்டங்களில் முதலிடம் கிராம சபைக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு, தேதி தெரிந்தவை என்பதால் முன்கூட்டியே தயாராகலாம். எம்.எல்.ஏ. வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதுதான் விஷயம். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், தீர்மானமாக எழுதி, வாசிக்கச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். பதிவேட்டில் எழுதுவதற்கு முன்பே கையெழுத்து வாங்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்தத் தீர்மானத்தின் நகலோடு எம்.எல்.ஏ.விடம் போனால், ஒரு ஆள் கேட்பதாக இல்லாமல் ஊரே கேட்பதாக ஆகிவிடும். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது, 2022 நவம்பர் 1-இல்தான் தொடங்கியது, இன்னும் நிறையப் பேர் போவதில்லை.

பட்டா மாறுதல், அளவைக் கோளாறு, முதியோர் உதவித்தொகை போன்ற தனிப்பட்ட விஷயங்களுக்கு ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் முகாம், சரியான இடம். ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில், தாலுகா அலுவலகத்தில் குறுவட்டம் (சில கிராமங்கள் சேர்ந்த பிர்க்கா) வாரியாக நடக்கும், உங்கள் கிராமத்துக்கு எந்த நாள் என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். அதைத் தவறவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள்.

பல வருடமாக இழுக்கும் பொதுப் பிரச்சினை என்றால் சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு. இந்தக் குழு மாவட்டத்துக்கு வருவதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு வரும், மாவட்ட இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். வழக்கமாகத் தமிழில் ஐந்து நகல் கேட்பார்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், வேலை கேட்பது, பட்டா, ஓய்வூதியம், வங்கிக் கடன் எதையும் எடுக்க மாட்டார்கள். நல்ல மனுக்கள் இந்த ஒரு விதி தெரியாமல், மூன்று பிரச்சினைகளை ஒன்றாக எழுதி வீணாகின்றன, எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம் அது.

மனு எழுதும்போது “எங்கள் ஊருக்கு எந்த வசதியும் இல்லை” என்று தொடங்காதீர்கள். நிழற்குடை கேட்பதாக வைத்துக்கொள்வோம். எந்தச் சாலை, எந்த நிறுத்தம், காலையில் எத்தனை மாணவர்கள் வெயிலில் நிற்கிறார்கள், இடம் யாருடையது. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பாதி வேலை நிற்கிறது. நெடுஞ்சாலைத் துறை இடம் என்றால் அவர்களுடைய தடையின்மைச் சான்று வேண்டும், புறம்போக்கு என்றால் எந்த வகைப் புறம்போக்கு என்று பார்க்க வேண்டும். சர்வே எண் தெரிந்தால் பட்டா சிட்டா பார்க்கும் அரசு இணையதளத்திலேயே அ-பதிவேடு (நிலம் எந்த வகை என்று காட்டும் கிராமப் பதிவேடு) விவரம் கிடைக்கும், அதை அச்செடுத்து மனுவோடு இணையுங்கள். இடப் பிரச்சினை இருக்கிறது என்று சொல்லித் தள்ளிப்போட அப்புறம் வழி இருக்காது.

எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு மனுவை இரண்டு நகல் எடுத்துப் போங்கள், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அதே நகலோடு போய், ஆட்சியருக்குப் பரிந்துரைக் கடிதம் போனதா, போனால் கடித எண் என்ன என்று மட்டும் கேளுங்கள். எண் கிடைத்துவிட்டால் மிச்ச விசாரிப்பை ஒன்றிய அலுவலகத்திலேயே நடத்திக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் எம்.எல்.ஏ. வாசலில் நிற்க வேண்டியதில்லை.