தால்முத் படிக்க ஆரம்பிப்பது எப்படி? முதல்ல எதிர்த்துப் பேச ஒரு ஆள் பிடிங்க

தால்முத்ங்கிறது யூத ஞானிகளோட சட்ட விவாதங்களைத் தொகுத்த நூல். அதைப் படிக்கிற யூதப் பள்ளிக்கூடமான யெஷிவால போய் நின்னா சந்தைக்கடை மாதிரி சத்தமா இருக்கும். ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து வரிக்கு வரி மல்லுக்கட்டிதான் படிப்பாங்க, இதுக்குப் பேரு ஹவ்ருதா. தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆர்வத்துக்கு நாமளும் ட்ரை பண்ணலாம்.

ஸ்டெப் 1: ஆள் பிடிங்க. எல்லாத்துக்கும் தலையாட்டுற ஆள் சரிப்படாது. 3ஆம் நூற்றாண்டுல திபேரியாங்கிற ஊர்ல (இப்போ இஸ்ரேல்) யோகனான்னு ஒரு ரபி, அதாவது யூத மத ஆசான், அவரோட படிப்பு ஜோடி ரேஷ் லாகிஷ். லாகிஷ் செத்ததும் அந்த இடத்துக்கு வேற ஒருத்தர அனுப்பினாங்க, அவரோ யோகனான் எது சொன்னாலும் "நீங்க சொல்றதுக்கு ஆதாரம் இருக்கு"ன்னே சொல்லிட்டிருந்தார். கடுப்பாயிட்டார் மனுஷன். லாகிஷா இருந்தா 24 ஆட்சேபம் வைப்பான், நான் 24 பதில் சொல்வேன், அப்படித்தான் விஷயம் விரியும், நான் சொல்றது சரின்னு எனக்கே தெரியாதான்னு புலம்பி அழுதாராம்.

ஸ்டெப் 2: யூத நூல்கள் இருக்கிற செஃபாரியா சைட்ல, தால்முத்தோட முதல் பகுதியான பெராகோத்ல 2ஆம் பக்கம் திறங்க. 1ஐத் தேடாதீங்க, கிடையாது. இங்கிலீஷ்ல தடிமனா இருக்கிறது மூலம், மத்தது விளக்கம். ஃப்ரீதான்.

ஸ்டெப் 3: ஒருத்தர் சத்தமா வாசிங்க. சாயங்கால ஷெமா ஜெபத்தை எப்போலேருந்து எதுவரைக்கும் சொல்லலாம்ங்கிறதுதான் முதல் பேச்சே. முதல் ஜாமம் முடியுறவரைக்கும்னு எலியேசர், நடுராத்திரி வரைக்கும்னு மத்த ஞானிகள், விடியுறவரைக்கும்னு கமாலியேல். கமாலியேலோட பசங்க விருந்து முடிஞ்சு லேட்டா வந்து இன்னும் ஜெபம் சொல்லலையேன்னு முழிச்ச கதையும் அங்கேயே இருக்கு. விடியலைன்னா சொல்லியே ஆகணும்ட்டார் அப்பா.

ஸ்டெப் 4: இப்போ மோதுங்க. சொல்லியே ஆகணும்னு எங்க இருக்கு, காலைய விட்டுட்டு ஏன் சாயங்காலத்துல ஆரம்பிக்கணும்னு தால்முத்தே அடுத்த வரில கேக்குது, அதனால கூச்சப்படாம நீங்களும் கேளுங்க. நீங்க கமாலியேல் பக்கம், நண்பர் எலியேசர் பக்கம்னு வாதாடிட்டு பாதியில பக்கத்த மாத்திக்கோங்க, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பார்ட். ஒரு ரூல்: பதில் சொல்றதுக்கு முன்னாடி எதிராளி சொன்னத நீங்க ஒருதடவ சொல்லணும். பழைய யூத ஞானிகள்ல ஷம்மாய் கோஷ்டி, ஹில்லேல் கோஷ்டின்னு ரெண்டு எதிரணி இருந்துச்சு. ஷம்மாய் கோஷ்டி சொன்னத முதல்ல சொல்லிட்டு அப்புறம் தங்களோடத சொன்னதாலயும், பணிவா நடந்துகிட்டதாலயும்தான் ஹில்லேல் கோஷ்டி பக்கம் சட்டம் நின்னுச்சுன்னு தால்முத்தோட எருவின் பகுதி 13ல இருக்கு.

ஸ்டெப் 5: தீரலையா? "தேய்க்கு" (அப்படியே நிக்கட்டும்)ன்னு குறிச்சுட்டு அடுத்த வரிக்குப் போங்க, தால்முத்தே பல கேள்விய அப்படித்தான் தொங்கல்ல விட்டிருக்கு. மொத்தம் 2,711 தாள். 1923லேருந்து தினம் ஒரு தாள்னு உலகம் பூரா படிக்கிறாங்க, ஒரு சுத்து முடிய சுமார் ஏழரை வருஷம். சனி ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பில்ல.