இதய ஆய்வுச் செய்தியைப் படிக்கும் முறை

இதயம் பற்றிய ஆய்வுச் செய்தி எது கைக்கு வந்தாலும், தலைப்பை விட்டுவிட்டு முதலில் ஒன்றைத்தான் தேடுவேன். இதில் எதை எண்ணினார்கள்? இறந்தவர்களையா, மாரடைப்பு வந்தவர்களையா, அல்லது ரத்தப் பரிசோதனையில் வரும் ஏதோ ஓர் அளவையா?

இதயப் பிரிவில் செவிலியராக இருந்துவிட்டு, மருந்து ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் வேலைக்கு வந்தவள் நான். ஒப்புதல் படிவத்தை வரிவரியாக வாசித்துக் காட்டுவது, திரும்பி வரும் டப்பாவில் மீதி மாத்திரைகளை எண்ணுவது, போன் செய்து “நடுவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்களா?” என்று விசாரிப்பது, இதெல்லாம் என் வேலை. ஆய்வு முடிவு என்பது இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்து வரும் எண்ணிக்கை. அதைப் பார்க்கத் தெரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு வேண்டாம். நோயாளியும் வீட்டாரும் பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

எதை எண்ணினார்கள் என்ற கேள்விக்கு நான் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்றால், அதற்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயம் இடையிடையே கூடுதலாகத் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது 1980-களில் எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்திருந்தது. அந்தத் துடிப்பை அடக்கும் மாத்திரைகளும் இருந்தன. துடிப்பை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று நம்பிப் பலருக்கும் கொடுத்தார்கள். அதைச் சரிபார்க்க நடந்ததுதான் ‘காஸ்ட்’ என்ற ஆய்வு. மருந்துக்கு யாருடைய துடிப்பு அடங்கியதோ அவர்களை மட்டுமே சேர்த்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற இரண்டு மருந்துகளை 1989-லேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 1991-ல் முழுக் கணக்கு வெளியானது. மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். இசிஜி தாள் அழகாக இருந்தது, ஆள் போய்விட்டார்.

2006-லும் இதே மாதிரி ஒன்று நடந்தது. டார்செட்ராபிப் என்ற மருந்து ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று சொல்கிறோமே, அந்த எச்டிஎல்லை 72 சதவீதம் உயர்த்தியது. 15,067 பேர் சேர்ந்த ஆய்வில் மருந்துப் பக்கம் இறப்பு கூடியதும் ஆய்வையே நிறுத்தினார்கள். முடிவுக் கணக்கில் மருந்துப் பக்கம் 93 பேரும் மறுபக்கம் 59 பேரும் இறந்திருந்தார்கள். ஆகவே “இந்த அளவு கூடியது, அந்த அளவு குறைந்தது” என்று மட்டும் ஒரு செய்தி சொன்னால், அது பாதிச் செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், கெட்ட கொலஸ்ட்ரால் போன்ற சில அளவுகளைக் குறைத்தால் மாரடைப்பும் குறைகிறது என்று பல மருந்துகளில் மறுபடி மறுபடி பார்த்தாயிற்று. அங்கேயும்கூட, புது மருந்து என்றால் ஆட்களை எண்ணிய ஆய்வு வரும்வரை நான் காத்திருப்பேன்.

சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

“இறப்பு 30 சதவீதம் குறைந்தது” என்று படித்ததும், நூறு பேரில் முப்பது பேர் பிழைத்தார்கள் என்று மனசு தானாகவே கணக்குப் போடும். அப்படி அல்ல. 1994-ல் வெளியான ‘4எஸ்’ ஆய்வைப் பாருங்கள். ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ இருந்த 4,444 பேர். பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின். ஐந்து ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேல் பார்த்ததில், போலி மாத்திரைப் பக்கம் 256 பேர் இறந்தார்கள், மருந்துப் பக்கம் 182 பேர். நூற்றுக்கு என்று பார்த்தால் சுமார் 12 என்பது 8 ஆனது. அந்த 30 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது. நூறு பேருக்கு மூன்று நான்கு உயிர் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் இதய நோயே இல்லாத ஒருவருக்கு ஆரம்ப ஆபத்தே குறைவு, அதனால் அவருக்குக் கிடைக்கும் நன்மையும் எண்ணிக்கையில் குறையும்.

பயமுறுத்தும் செய்திக்கும் இதே கணக்குதான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2002-ல் பாதியில் நின்றது. இதய நோய் 29 சதவீதம் கூடியது என்று எங்கும் பேச்சு. ஓர் ஆண்டில் பத்தாயிரம் பெண்களை எடுத்துக்கொண்டால், 30 பேருக்கு வர வேண்டியது 37 பேருக்கு வந்தது. இரண்டு வாக்கியமும் உண்மைதான். முடிவெடுக்க உதவுவது இரண்டாவது. ஆகவே கட்டுரையில் “எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்தில்” என்று தேடி, இரண்டு பக்கத்தையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த எண்களே தராத செய்தியை ஒதுக்கி வைத்துவிடலாம்.

அப்புறம், இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், ஆஸ்பத்திரிச் சேர்க்கை, மறுபடி ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பிவலைக் குழல்) வைத்தது எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. இறப்பு மட்டும் என்றால் எண்ணிக்கை போதாது என்பதால் அப்படிச் செய்கிறார்கள், நியாயமான காரணம்தான். ஆனால் உள்ளே இருக்கும் அட்டவணையில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பாருங்கள். நன்மை முழுவதும் ‘மறுபடி ஸ்டென்ட்’ என்ற ஒரு வரியிலிருந்தே வந்திருக்கலாம். ஒரு சம்பவம் மாரடைப்புதானா என்று தீர்மானிப்பது யார் என்பதும் முக்கியம். என் வேலையில் இசிஜி, இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றிலும் பெயரையும் மருந்து விவரத்தையும் மறைத்துத் தனிக் குழுவுக்கு அனுப்புவோம். யாருக்கு எந்த மாத்திரை என்று அந்தக் குழுவுக்குத் தெரியாது.

நோயாளிக்கும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, அதிலும் வலியை அளக்கும் ஆய்வு என்றால் கட்டாயம். 2017-ல் வெளியான ‘ஆர்பிட்டா’ ஆய்வில் நிலையான நெஞ்சுவலி உள்ள 200 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மறு பாதிக்கு வைக்கவில்லை. யாருக்கு வைத்தது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. எல்லோரும் நெஞ்சுவலி மாத்திரையும் நன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வாரம் கழித்து நடைப்பட்டையில் (ட்ரெட்மில்) எவ்வளவு நேரம் தாங்கினார்கள் என்பதில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதே குழுவின் 2023 ஆய்வில், நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு ஒப்பிட்டபோது ஸ்டென்ட் வலியைக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும். இதெல்லாம் நிலையான நெஞ்சுவலிக்கு மட்டும். மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறப்பது உயிர்காக்கும் சிகிச்சை, அதில் தாமதம் கூடாது.

ஆய்வில் இருந்தவர்கள் உங்களைப் போன்றவர்களா?

2015-ன் ‘ஸ்பிரின்ட்’ ஆய்வு, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140-க்குக் கீழே வைப்பதைவிட 120-க்குக் கீழே கொண்டுவருவது நல்லது என்று காட்டியது. சேர்ந்தவர்கள் 50 வயதும் அதற்கு மேலும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் அதில் இல்லை. அளந்த விதமும் கவனிக்க வேண்டியது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, கருவி தானாக மூன்று முறை அளந்து சராசரி எடுத்தது. படியேறி வந்த மூச்சிரைப்போடு அளந்த எண்ணை அந்த 120-உடன் ஒப்பிடாதீர்கள்.

“இந்தப் பிரிவினருக்கு மட்டும் பலன் இல்லை” என்ற துணைக் கணக்குகளை எளிதில் நம்பவும் வேண்டாம். மாரடைப்பில் ஆஸ்பிரின் உயிர்காக்கும் என்று 17,187 பேரிடம் நிறுவிய 1988-ன் ‘ஐசிஸ்-2’ ஆய்வாளர்கள், இதைப் புரியவைக்கவே பிறந்த ராசிப்படி பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை என்று வந்தது. போதுமான அளவு துண்டு போட்டால் எதுவும் வரும்.

முன்கூட்டியே பதிவு செய்த ஆய்வா என்றும் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் பணம் கொடுத்த பெரிய இதய ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது, 2000-க்கு முன் வெளியான 30-ல் 17 நன்மை காட்டின. எதை எண்ணப்போகிறோம் என்று முதலிலேயே பதிவு செய்யும் வழக்கம் வந்த பிறகு வெளியான 25-ல் 2 மட்டுமே. ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்திலோ கடைசியிலோ பதிவு எண் இருக்கும். அதை இணையப் பதிவேட்டில் போட்டால், முதன்மை விளைவு, அதாவது முக்கியமாக எண்ணப்போவது இதுதான் என்று தொடங்கும்போது சொன்னதும் முடிவில் சொன்னதும் ஒன்றுதானா என்று தெரிந்துவிடும்.

சரி, இவ்வளவும் பார்த்தபின் செய்தி உங்களுக்குப் பொருந்துகிறது என்று தோன்றினால், மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை விட்டால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி மோசமாகலாம். ஒரு தாளில் உங்கள் மருந்துகளும் அளவுகளும், ஆய்வின் பெயர், இரு பக்க எண்கள் இருக்கட்டும். “டாக்டர், இந்த ஆய்வில் என்னைப் போன்றவர்கள் இருந்தார்களா? எனக்கு என்றால் நூறில் எத்தனை?” என்று கேளுங்கள். பதிலை அவர் முன்னாலேயே அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.