பழைய டீசல் பிக்அப் வண்டியைத் தேற்றுவது எப்படி: புதிதாகப் பழகுவோருக்கான செய்முறை

பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய பொலிரோ பிக்அப்பையோ டாடா 207-ஐயோ செகண்ட் ஹேண்டாக வாங்குபவர்கள் முதலில் கேட்பது, இழுவையைக் கூட்ட என்ன செய்யலாம் என்பதே. பம்பில் டீசல் அளவைத் திருகிக் கூட்டினால் இழுவை கூடும் என்பது உண்மைதான். ஆனால் காற்று போதாமல் எரியும் அந்தக் கூடுதல் டீசல் கரும்புகையாக வெளியேறுவதுடன், பிஸ்டனையும் டர்போவையும் தாங்க முடியாத சூட்டுக்கு ஆளாக்குகிறது. பழைய வண்டிக்குச் செய்யத்தக்க முதல் மேம்பாடு, அது புதிதாக இருந்தபோது கொண்டிருந்த திறனை மீட்டுக் கொடுப்பதே என்பது என் உறுதியான கருத்து. அதைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்யுங்கள்.

படி 1: புகையைப் பாருங்கள்

இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பி, சைலன்சரைக் கவனியுங்கள். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம் அல்லது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் சரியாகத் தூவவில்லை. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கிளப்பியவுடன் வந்து மறையும் வெள்ளைப்புகையால் பாதகமில்லை. சூடேறிய பிறகும் அது நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் இன்ஜினுக்கும் அதன் மேல்மூடிக்கும் (ஹெட்) இடையே உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு, இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். லேசான ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று காற்று தள்ளினால் சிலிண்டர் போரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்துவிட்டன. அப்படியானால் இன்ஜின் வேலையை முடிக்காமல் வேறு எதற்கும் பணம் செலவிடாதீர்கள்.

படி 2: ஆயிலும் காற்றும்

கையேட்டில் சொல்லியுள்ள தர ஆயிலை ஊற்றி, ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஏர் ஃபில்டருக்குக் காற்றடிப்பதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் புதையும்.

படி 3: டீசல் லைன்

மேட்டில் வண்டி இழுக்காமல் திணறினால், பம்பைக் குறை சொல்வதற்கு முன் டீசல் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். இங்கே சொல்வது மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜினுக்கு மட்டும் பொருந்தும். டேங்க்கின் அடி நட்டைக் கழற்றித் தேங்கிய தண்ணீரையும் கசடையும் வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றியதும் லைனில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். ஃபில்டரின் மேல்பகுதியில் உள்ள ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கை பம்பை நிதானமாக அழுத்துங்கள். முதலில் நுரையாகவும், பிறகு குமிழியும் டீசலும் கலந்தும் வரும். குமிழியே இல்லாமல் தெளிந்த டீசல் ஒரே சீராக வழியும்போது, அழுத்துவதை நிறுத்தாமலே ஸ்குரூவை இறுக்குங்கள். அதன்பின் பம்பில் உள்ள ஏர் ஸ்குரூவிலும் இதையே செய்தால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். இன்ஜின் ஓடும்போது நாசில் பைப்பில் கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எல்லா நாசில்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் 1,000 பாருக்கும் (பார் என்பது அழுத்த அளவு) மேல் செல்வதால், அதன் பைப்புகளை நீங்களாகத் தளர்த்தாதீர்கள்.

படி 4: சூடு

இன்ஜின் சூடாகிறது என்றதும் இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம்மூரில் பரவலாக இருக்கிறது. இது தவறான வைத்தியம். வால்வு இல்லாத இன்ஜின் உரிய சூட்டை எட்டவே நேரமாகும். அதுவரை டீசல் கூடுதலாகச் செலவாவதுடன் சிலிண்டரும் விரைவாகத் தேயும். உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் படிந்த உப்புதான். போர்வெல் தண்ணீரையே ஊற்றி வந்த வண்டியில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் குழாய் வாய்களில் வெள்ளைப் பொருக்கு தெரியும். மூடியை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய தெர்மோஸ்டாட்டும் மூடியும் போட்டு, கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள்.

படி 5: பிரேக்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், அளவு குறையாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். பின் டிரம்மைத் திறக்கும்போது வீல் சிலிண்டர் ரப்பரை விலக்கிப் பார்த்து, உள்ளே நனைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

படி 6: ஹெட்லைட்டுக்கு ரிலே

குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் மேம்பாடு இதுதான். ரிலே என்பது சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய்வருவதால், தேய்ந்த சுவிட்சிலும் மெல்லிய வயரிலும் வோல்டேஜ் வீணாகிறது. ஹாலஜன் பல்புக்கு 10 சதவீத வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியில் ஒருமுறையும் பல்பு சாக்கெட்டில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 வோல்ட்டும் பல்பில் 12.5 வோல்ட்டும் இருந்தால் ரிலே போட்டே ஆக வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை ரிலேயின் 30-ஆம் முனைக்கும், 87-ஆம் முனையிலிருந்து அதே கனமுள்ள வயரைப் பல்புக்கும் கொடுங்கள். பல்புக்கு வந்துகொண்டிருந்த பழைய வயர் இனி 86-க்குச் சென்று ரிலேயை இயக்க மட்டும் பயன்படும். 85-ஐ பாடியில் எர்த் செய்யுங்கள். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலே வேண்டும். சுவிட்ச் எர்த் பக்கத்தில் உள்ள வண்டிகளுக்கு இந்த இணைப்பு மாறும் என்பதால் வயரிங் படத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல்பு 60/55 வாட்டாகவே இருக்கட்டும். எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் 100 வாட் பல்பு சட்டப்படியும் தவறு.

படி 7: ஸ்பிரிங் பட்டை

தொய்ந்த பட்டையையும் தேய்ந்த புஷ்ஷையும் மாற்றுவது பராமரிப்பு. பாரம் கூடுதலாக ஏற்றுவதற்காகப் பட்டை சேர்ப்பது அப்படியல்ல. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையை எந்தப் பட்டையும் உயர்த்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதைவிடப் பெரிய கவலை, பிரேக்கும் ஆக்ஸிலும் அந்த எடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது. புதிய பட்டை போட்ட வண்டியைச் சில நாள் பாரத்தோடு ஓட்டிய பின், பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்கும் யு போல்ட்டின் நட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடியும் இறுக்குங்கள். பட்டைகள் அமர்ந்ததும் அவை தளர்ந்திருக்கும், தளர்ந்த நிலையில் ஓட்டினால் நடு போல்ட் அறுந்து ஆக்ஸில் நகர்ந்துவிடும்.