துப்பறியும் கதைக் குழு: முதல் வாசிப்பை வீணாக்காதீர்கள்

புதிதாகத் துப்பறியும் கதைக் குழு தொடங்குகிறவர்கள் முதல் ஆறு மாதத்தில் செய்கிற தவறுகள் ஊருக்கு ஊர் மாறுவதே இல்லை. தாமதமாக வருவது, செல்போனை அணைக்காமல் இருப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். மர்மக் கதைக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்த தவறுகளைப் பார்ப்போம்.

கொலையாளியைச் சொல்லிவிட்டுக் கதையைக் கொடுப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எழுதியவர் பக்கங்களை நீட்டிக்கொண்டே, "கடைசியில தம்பி மகன்தான் கொன்னிருப்பான். அது முன்னாடியே தெரியாத மாதிரி வந்திருக்கான்னு பாருங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் அத்தனை வாசகர்களும் போய்விட்டார்கள். தெரிந்துவிட்ட ஒன்று தெரியாத மாதிரி வந்திருக்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்?

குடும்பக் கதையைப் பத்து தடவை படித்தும் கருத்துச் சொல்லலாம். கொலையாளி யாரென்று தெரியாமல் படிப்பது ஆளுக்கு ஒரே ஒரு முறைதான். குழுவில் எட்டுப் பேர் என்றால் கையிருப்பு எட்டு வாசிப்பு; எழுதியவரைக் கழித்தால் ஏழு. அதைச் செட்டாகச் செலவழிக்க வேண்டும். முதல் பிரதியை மூன்று பேருக்கு மட்டும் கொடுங்கள். திருத்திய பிரதி வேறு இரண்டு பேருக்கு. மிச்சமுள்ள இருவரைக் கடைசித் திருத்தம்வரை தொடவே கூடாது.

கொடுக்கும்போதும் முழுக்கதையைக் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு அத்தியாயம் என்றால் ஒன்பதோடு நிறுத்துங்கள். படித்தவர்கள் வாயைத் திறக்கும் முன் ஆளுக்கொரு சீட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: யார்மேல் சந்தேகம், எந்தப் பக்கத்தில் தொடங்கியது, எதனால். எழுதி மடித்துக் கொடுத்த பிறகுதான் பேச்சு. முதலில் பேசுகிறவர் "எனக்கென்னவோ மேனேஜர் மேலதான்" என்று சொல்லிவிட்டால் மற்ற இருவரும் தங்கள் ஊகத்தை அப்படியே விழுங்கிவிடுவார்கள்.

சீட்டைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூவரும் சரியான ஆளைச் சரியான காரணத்தோடு எழுதியிருந்தால் தடயம் துருத்திக்கொண்டு நிற்கிறது. சரியான ஆள், ஆனால் காரணம் "வேற யாரும் மிச்சமில்ல" என்றால் தடயத்தில் கை வைக்காதீர்கள், சந்தேகத்துக்குரியவர்கள் போதவில்லை. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, விடையைச் சொன்ன பிறகும் "அது எங்க வந்துச்சு?" என்று கேட்கிறார்கள் என்றால் தடயம் புதைந்தே போய்விட்டது. "அட!" என்று பின்னால் புரட்டி அந்த வரியைத் தேடுகிறார்களா, அந்த இடத்தைத் திருத்தாமல் விடுங்கள்.

தானே வாசித்துக் காட்டுவது

ஓர் உதாரணம். கும்பகோணத்தில் பாத்திரக்கடை முதலாளி ஒருவர் இரவு ஏழரை மணிக்குக் கொல்லப்படுகிறார். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி: "கோயில் ஸ்பீக்கர் பாட்டு பாதியில் நின்றது." கரண்ட் போயிருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில், அதே தெருவில் இருக்கும் தம்பி மகன், அந்நேரம் வீட்டில் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறான். இதுதான் தடயம். எழுதியவர் வாசித்தால் அந்த ஸ்பீக்கர் வரியில் குரல் தானாகவே நிதானிக்கும், பார்வை ஒரு சுற்று சுற்றி வரும். தடயம் அங்கேயே அம்பலம்.

ஒரு வாரம் முன்னதாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வரிக்கு எண் போட்டிருந்தால் "நாலாம் பக்கம், பதினெட்டாம் வரி" என்று பேச முடியும்; "அந்த நடுவுல வருமே" என்று தேட வேண்டியதில்லை.

எழுதியவர் வாதாடுவது

மேலே சொன்ன கதையில் ஒருவர் கேட்பார்: "அவன் வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா?" எழுதியவர் உடனே, "இல்லைங்க, அவன் வசதியில்லாதவன்" என்பார். அது அவர் தலைக்குள் இருக்கிறது, தாளில் இல்லை. வாசகர் வீட்டுக்கெல்லாம் அவர் போய் விளக்கப் போவதில்லை. பேச்சு முடியும்வரை அவர் குறித்துக்கொள்ள மட்டும் செய்யட்டும். மூன்றாம் அத்தியாயத்தில் தம்பி மகன் வீட்டில் மெழுகுவத்தி ஒழுகிய மேசையைக் காட்டினால் இன்வெர்ட்டர் கேள்வி எழவே எழாது.

கரு திருடு போகும் என்ற பயம்

போகாது. அவரவர் கருவை எழுதி முடிக்கவே அவரவருக்கு நேரமில்லை.

விருந்தினரைச் சும்மா பேசவிடுவது

ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டரையோ அரசு மருத்துவமனையில் போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டரையோ அழைத்து "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்றால் இரண்டு மணி நேரம் சுவாரசியமாகப் போகும். கதைக்கு ஒன்றும் தேறாது. பத்துக் கேள்வியை ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்புங்கள். நடப்பில் உள்ள வழக்கு எதையும் கேட்கக் கூடாது.

கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகாது என்பது தெரியாமல், இன்ஸ்பெக்டர் முன்னால் அழுது ஒப்புக்கொண்டதோடு கேஸை முடிக்கும் கதைகள்தான் அதிகம். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 302 அல்ல, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. கதை 2019-ல் நடந்தால் 302 சரி. குளோரோஃபார்ம் கைக்குட்டையை மூக்கில் வைத்த மறுநொடி மயங்கி விழுவது சினிமாவில்தான், உண்மையில் நிமிடக்கணக்காகும். இதையெல்லாம் இன்ஸ்பெக்டரிடமோ டாக்டரிடமோ ஒரு வரியில் கேட்டுவிடலாம்.

ஆளுக்கொரு அத்தியாயம்

சேர்ந்து எழுதும் விளையாட்டில் ஒருவர் போடும் முடிச்சை அடுத்தவர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிடும். பூட்டிய அறைக்குள் பிணத்தைப் போட்டுவிட்டுக் கழன்றுகொள்வார்கள். துப்பறியும் கதை எழுத்தாளர்கள் லண்டனில் 1930-ல் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பின் உறுப்பினர்கள் அடுத்த ஆண்டே இப்படி ஒரு நாவல் எழுதினார்கள். அத்தியாயத்தோடு தன் மனதிலுள்ள விடையையும் எழுதித் தர வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். விடை ஒட்டிய கவரில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்

தேதி, இடம், நேரம். வேறு எதுவும் வேண்டாம்.

நோட்டு இல்லாமல் நடத்துவது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கதை, எத்தனையாவது பிரதி, யார் படித்தார், எந்த அத்தியாயம்வரை என்று நான்கு கட்டம். இது இல்லாவிட்டால் மூன்றாவது மாதம் யார் எதைப் படித்தார் என்று எவருக்கும் நினைவிருக்காது. கூட்டத்துக்கு வராதவர் மறுநாள் போன் செய்து "என்னப்பா, யாரு கொன்னது?" என்று கேட்பார். சொல்லிவிடாதீர்கள். அடுத்த பிரதிக்கு அவர் வேண்டும்.