‘இன்டர்ஃபியர்’ என்னும் வினைச்சொல்லைப் பிழையின்றிக் கையாளும் முறை

ஆங்கிலத்தில் தலையிடுதலையும் இடையூறு செய்தலையும் குறிக்கும் ‘இன்டர்ஃபியர்’ என்ற வினையை எழுதுமுன் அச்சொல் பிறந்த இடத்தை அறிந்துகொள்வது பெரிதும் பயன்படும். ஒன்றையொன்று அடித்துக்கொள்ளுதல் என்று பொருள்பட்ட பழைய பிரெஞ்சு வினையிலிருந்து அது வந்தது. அந்த வினையின் பின்பகுதிக்கு மூலம், அடித்தலைக் குறிக்கும் ‘ஃபெரிரே’ என்ற இலத்தீன் சொல். ஆங்கிலத்தில் அது முதலில் குதிரையைப் பற்றியே வழங்கியது. நடக்கும்போது ஒரு காலின் குளம்போ லாடமோ எதிர்க்காலின் உட்புறத்தில் இடித்துக் காயப்படுத்துவதை அச்சொல் குறித்தது. குதிரை வளர்ப்போர் இன்றும் அப்பொருளில் சொல்கின்றனர். இயல்பாக நடக்க வேண்டிய ஒன்றை இடித்துத் தடுப்பது என்ற கருத்து அங்கிருந்தே விரிந்தது.

இச்சொல்லோடு ஒலியில் ஒத்திருக்கும் ‘ரெஃபர்’, ‘டிரான்ஸ்ஃபர்’ ஆகியவை சுமத்தலைக் குறிக்கும் வேறொரு இலத்தீன் வினையின் வழிவந்தவை. அவற்றின் இறந்தகால வடிவத்தில் ‘ஆர்’ இரட்டிக்கும். ‘இன்டர்ஃபியர்’ என்பது ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் முடிவதால் அதன் இறந்தகால வடிவத்தில் ‘ஆர்’ இரட்டிக்காது. உச்சரிக்கும்போது அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும்.

நம்மவர் மிகுதியாகத் தவறுவது அடுத்து வரும் சொல்லில்தான். இவ்வினை நேரடிச் செயப்படுபொருளை ஏற்காது. பிறர் விவகாரத்தில் தலையிடுவதைச் சொல்லும்போது ‘இன்’ சேர்க்க வேண்டும். நம் ‘இல்’ உருபும் அங்கே பொருந்துவதால் இது எளிது. இரைச்சல் உறக்கத்தைக் கெடுக்கிறது, ஒரு மருந்து மற்றொன்றின் செயலைத் தடுக்கிறது என்பன போன்ற இடங்களிலோ ‘வித்’ வர வேண்டும். அங்கே ‘தலையிடு’ என்று எண்ணாமல் ‘இடையூறு செய்’ என்று எண்ணினால் சரியான சொல் தானே வரும். ஆனால், ‘வித்’ என்பதை அடுத்து ஓர் ஆளைக் குறிப்பிடுவதைத் தவிர்ப்பதே நல்லது. பிரிட்டிஷ் வழக்கில் அது பாலியல் அத்துமீறலைக் குறிக்கும் இடக்கரடக்கல், குறிப்பாகக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகையில்.

இயற்பியலில் மட்டும் இச்சொல்லின் பெயர்வடிவமான ‘இன்டர்ஃபியரன்ஸ்’ என்பதற்குக் குறைகூறும் தொனி இல்லை. 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேய அறிவியலாளர் தாமஸ் யங் ஒளியைப் பற்றி விளக்கிய அந்நிகழ்வில், இரண்டு அலைகள் கூடி ஒன்றையொன்று வலுப்படுத்தவும் செய்யலாம், அழிக்கவும் செய்யலாம்.

சண்டையை விலக்க ஒருவர் நல்லெண்ணத்துடன் இடையில் வந்தால் ‘இன்டர்வீன்’ என்று எழுத வேண்டும். வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பவருக்கு ‘மெடில்’ பொருந்தும். அது வசைக்கு நெருங்கிய சொல்லாதலால் அலுவலகக் கடிதத்தில் எழுதத் தகாது.