அணிலின் பயத்தை மொட்டை மாடியில் அளப்பது எப்படி?

இரை தேடும் ஒரு பிராணி எவ்வளவு பயப்படுகிறது என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது தின்னாமல் விட்டுப்போன மிச்சத்தை எண்ணினால் சொல்லிவிடலாம். அமெரிக்கச் சூழலியலாளர் ஜோயல் பிரவுன் 1988-ல் விளக்கிய முறை இது. வேளச்சேரியில் எங்கள் மாடியில் அதை நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் வேண்டும். ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம், எம்-சாண்டைச் சலித்து நாலு விரல் உயரத்துக்குப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் உப்பில்லாத வேர்க்கடலைப் பருப்பு 40 எண்ணிப் போட்டு நன்றாகக் கலந்துவிடுங்கள். ஒரு தட்டு, கைப்பிடிச் சுவரில் சாயும் மாமரக் கிளைக்கு அடியில். இன்னொன்று பத்தடி தள்ளி, வெட்டவெளியில். காலை ஆறரைக்கு வைத்து, வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அணில் பயந்ததா, சூடு தாங்காமல் போனதா என்று தெரியாது. அப்புறம் மணலைச் சலித்து, மிச்சத்தைத் தட்டுவாரியாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். காக்கை வந்து கிளறிய நாளின் கணக்கைச் சேர்க்காதீர்கள்.

முதல் சில பருப்புகள் சுலபமாகக் கிடைக்கும். போகப்போக அதிகம் தோண்ட வேண்டும். மணலுக்குள் தலை இருக்கும் நேரத்தில் பூனையோ வல்லூறோ வருவது தெரியாது. அதனால்தான் அணில் இரண்டு முறை கிளறிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து, முன்னங்கால்களை மார்போடு சேர்த்து, அசையாமல் நிற்கிறது. இனிக் கிடைக்கப்போகும் பருப்பு அந்த ஆபத்துக்கு ஈடாகாது என்ற கட்டத்தில் ஓடிவிடும். வெட்டவெளித் தட்டில் எத்தனை பருப்பு கூடுதலாக மிஞ்சுகிறதோ, அதுதான் அந்த இடத்துப் பயத்தின் விலை. இரண்டும் காலியாகிவிட்டால் மணல் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் போடுங்கள்.

மறைவு என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மாடியில் சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் ஒரு பூனை பதுங்கும். தொட்டியை ஒட்டி வைத்த தட்டில்தான் மிச்சம் மிக அதிகம். எனக்கு இந்தச் சோதனையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. நாம் வரைவதைவிட நுணுக்கமான ஒரு வரைபடம் அணிலிடம் இருக்கிறது.

பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் இந்தப் பயக் கணக்கில் முட்டைக்குள் இருக்கும் இன்னொரு உயிரும் சேர்ந்துகொள்ளும். அதைப் பார்க்கப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம் போய் ஆள்காட்டிக் குருவியைத் தேடுங்கள். வெறும் தரையில், பெரும்பாலும் நாலு முட்டை இடும். கோடை உச்சி வெயிலில் அது முட்டைமேல் உட்காருவது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தும் உட்காரும். அந்த நேரத்தில் நாம் கிட்டே போனால் முட்டையை விட்டு எழுந்து கத்தும், நம்மை வேறு பக்கம் இழுக்கப் பார்க்கும். அதுவரை முட்டை வெயிலிலும் காக்கையின் கண்ணிலும் கிடக்கும்.

ஆகவே அங்கே அளவெடுக்க வேண்டாம். பைனாகுலரோடு சாலையோரமே நில்லுங்கள். கத்தத் தொடங்கினால் வந்த வழியே பின்வாங்குங்கள். அது திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை மட்டும் தூரத்திலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள்.