பள்ளி வேளாண் செயல்திட்டத்துக்கு முயல் வளர்ப்பு: நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

மேல்நிலை வகுப்பில் வேளாண்மையைத் தொழிற்பாடமாக எடுத்த மாணவர் ஆட்டையும் மாட்டையும் விட்டு முயலைத் தேர்ந்தெடுப்பதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. சினை, ஈற்று, பால்குடி, வளர்ச்சி என்ற நான்கு கட்டங்களையும் ஒரே கல்வியாண்டுக்குள் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணால் பார்த்து எழுதிவிடலாம். முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்க 5 வாரம். இறைச்சி இன முயல் சுமார் 2 கிலோ எடையை எட்ட, பிறந்ததிலிருந்து 12 வாரம். ஜூலை முதல் வாரத்தில் இணை சேர்த்தால் ஆகஸ்ட் தொடக்கத்தில் குட்டி கிடைக்கும். அக்டோபர் இறுதியில் கடைசி எடையை எழுதிவிட்டு அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க உட்காரலாம். கூண்டு வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். பொங்கலுக்குப் பிறகு தொடங்குகிறவர்களுக்குக் குட்டிகள் வளரும் காலமும் பொதுத்தேர்வும் கோடை வெயிலும் ஒன்றாக வந்து சேரும்.

வெயிலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சமவெளியில் முயல் வளர்ப்பவருக்கு முதல் எதிரி அதுதான். முயல் மனிதரைப் போல வியர்ப்பதில்லை. பெரிதும் காதுகளின் வழியாகவே உடற்சூட்டை வெளியேற்றுகிறது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போது தீனி குறைகிறது, ஆண் முயலின் விந்துத் தரம் கெடுகிறது, சினை முயல் துவண்டுவிடுகிறது. ஆகவே ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தவிர்த்து, மர நிழலில் கீற்றுக் கொட்டகையாகப் போடுவதே நல்லது. நண்பகலில் சுற்றிலும் ஈரச்சாக்கைத் தொங்கவிடலாம். உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைக் கூண்டுக்குள் கிடத்தினால் முயல் தானாகவே அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

கூண்டு, தாய் முயலுக்கு 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் நிறுத்தி, அடிப்பகுதிக்கு அரை அங்குலக் கண் கொண்ட கம்பிவலை போட்டால் புழுக்கை கீழே விழுந்துவிடும். வெறும் கம்பியிலேயே நின்றால் பின்னங்கால் புண்ணாகும் என்பதால் ஒரு மூலையில் பலகைத் துண்டு ஒன்று இருக்கட்டும். கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் வைப்பதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது; பிறந்த குட்டியைத் தேடி முதலில் வருவது பூனையோ பாம்போ அல்ல, எறும்பு.

தொடக்கத்துக்கு இரண்டு பெண், ஓர் ஆண் போதும். பெண்ணுக்கு ஆறு மாதமும் ஆணுக்கு ஏழெட்டு மாதமும் நிறைந்திருக்க வேண்டும். சோவியத் சின்சிலா, வெள்ளை ஜெயன்ட், நியூசிலாந்து வெள்ளை ஆகியவை இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனங்கள். கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி மையத்திலும், நீலகிரியின் சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலும் முயல்கள் பராமரிக்கப்படுகின்றன. ஆனால் மலைக் குளிரில் வளர்ந்த முயலை ஒரே நாளில் மதுரை வெயிலுக்கு இறக்குவதைவிட, உங்கள் பகுதியிலேயே பழகிய பண்ணையில் வாங்குவது மேல் என்பது என் கருத்து. வயலில் அகப்பட்ட காட்டுமுயல் குட்டியைக் கொண்டு திட்டத்தைத் தொடங்க எண்ண வேண்டாம். அது வேறு விலங்கு, வீட்டு முயலோடு இனம் சேராது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிடிப்பதும் குற்றம்.

காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும். பிடரித் தோலை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பின்பகுதியைத் தாங்கித் தூக்குவதே முறை. பின்புறம் தாங்கலின்றித் துள்ளும் முயல் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும்.

தீனியில் பசுந்தீவனமும் உலர்புல்லும் முதன்மை. வேலிமசால், குதிரைமசால், அகத்தி, கல்யாண முருங்கை எல்லாம் ஏற்றவை; முயல்மசால் என்ற தீவனப் பயிருக்குப் பெயரே சான்று. அறுத்தவுடன் போடாமல் சில மணி நேரம் வாடவைத்துப் போட்டால் வயிற்றுப்போக்குக்கு இடம் குறையும். வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் வரை அடர்தீவனம் தேவை. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, தாது உப்பு சேர்ந்த கலவையை வீட்டிலேயே தயாரிக்கலாம். கேரட் எப்போதாவது ஒரு துண்டு போதும். விடியற்காலையில் முயல் தன் ஆசனவாயிலிருந்தே மென்மையான புழுக்கையை எடுத்து உண்பதைக் கண்டால் நோய் என்று அஞ்ச வேண்டாம். குடலில் நுண்ணுயிர்கள் ஆக்கிய சத்தை அது இவ்வாறு மீண்டும் பெறுகிறது.

இணை சேர்க்கும்போது பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாறாகச் செய்தால் தன் இடத்துக்குள் வந்த ஆணைப் பெண் கடித்து விரட்டும். மாட்டுக்கு இருப்பதுபோல் 21 நாள் பருவச் சுழற்சி முயலுக்கு இல்லை, இணை சேர்ந்த பிறகே கருமுட்டை வெளிப்படுகிறது என்ற உண்மையைச் செய்முறைக் குறிப்பேட்டில் எழுதுவது பயன் தரும். 27ஆம் நாள் வைக்கோல் இட்ட ஈனும் பெட்டியை உள்ளே வையுங்கள். தாய் தன் ரோமத்தைப் பிடுங்கி அதில் மெத்தை அமைக்கும்.

முதன்முறை வளர்க்கும் மாணவர் அதிகம் கலங்குவது ஈன்ற மறுநாள்தான். ஆறேழு குட்டிகள் ரோமமில்லாமல், கண் மூடிக் கிடக்கும். தாயோ பெட்டியின் பக்கமே போகாமல் மூலையில் அமர்ந்திருக்கும். கைவிட்டுவிட்டது என்று எண்ணிப் பசும்பாலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டத் தொடங்குவார்கள். அதில்தான் குட்டிகள் மூச்சுக்குழாயில் பால் ஏறி இறக்கின்றன. முயல் நாளுக்கு ஒன்றிரண்டு முறை, சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும், அதுவும் பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ. காலையில் குட்டியின் வயிறு உருண்டு இருந்தால் பால் குடித்திருக்கிறது. சுருங்கி, தோல் மடிந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும், உங்களிடம் பழகிய முயலைப் பொறுத்தவரை, வீண் அச்சமே. கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு நாள்தோறும் பெட்டியைப் பார்த்து, இறந்த குட்டி இருந்தால் உடனே அகற்றுங்கள். பத்து முதல் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும்.

காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு, தொடர்ந்த தும்மல், தண்ணீராகக் கழிதல் ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் அந்த முயலைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி மருந்தின் அளவை நாமே ஊகிக்கக் கூடாது.

ஆசிரியர் மதிப்பெண் இடுவது முயலுக்கு அல்ல, உங்கள் பதிவேட்டுக்கு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில், தீனி வைக்கும் முன், குட்டிகளைத் துணிப்பையில் இட்டுத் தராசில் நிறுத்து எழுதுங்கள். அந்த வாரம் போட்ட தீவனத்தையும், மிச்சம் வைத்ததைக் கழித்து, எழுதுங்கள். ஐந்து குட்டிகள் தலைக்கு 600 கிராமிலிருந்து 1,800 கிராமுக்கு வளர்ந்தால் கூடிய எடை மொத்தம் 6 கிலோ. அதற்கு 24 கிலோ அடர்தீவனம் செலவாகியிருந்தால், ஒரு கிலோ எடைக்கு 4 கிலோ. இறந்த குட்டியின் கணக்கை மறைக்காமல் தேதியோடும் காரணத்தோடும் எழுதியிருப்பவரின் அறிக்கையே நம்பத்தக்கதாக இருக்கும்.

12ஆம் வாரத்துக்குப் பின் இந்த முயல்கள் எங்கே போகும் என்பதை வீட்டாரோடு ஜூன் மாதமே பேசி முடிவு செய்துவிடுங்கள். இறைச்சிக்கு விற்பதாக இருந்தால் குட்டிகளுக்குப் பெயர் வைக்காமல் எண் மட்டும் கொடுப்பது தம்பி தங்கைகளுக்கும் நல்லது. தாய் முயல்களை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வதானால், நீங்கள் தேர்வெழுதும் மார்ச் மாதத்தில் அவற்றுக்குத் தண்ணீர் வைக்கப்போவது யார் என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.